மிகவும் நலமடைந்து வருகிறார்

சுமலதாவின் முதுகில் கத்தி வைத்தது ஐப்பசி மாதம். அந்தக் காயம் பதினாலு நாளில் ஆறிவிட்டது. அவளை நாற்காலியில் வைத்தது தை மாதம். கதை அங்கேதான் இருக்கிறது, கண்ணுகளா. ஆறிப்போன காயத்தை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

'செஞ்சி வட்டார நிலக்கடலை உற்பத்தியாளர் சேமிப்பு, எடையிடல் மற்றும் முன்னேற்றச் சங்கம்' என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். நின்று வாசித்தால் பஸ் போய்விடும் என்பதால் ஊரில் எல்லோரும் மல்லாட்டைச் சங்கம் என்றே சொல்வார்கள். புருஷன் போன மறுவருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த சுமலதா, பதினொரு வருஷமாக எடையாளர். குடியானவர்கள் மூட்டையை எடைமேடையில் போட்டதும் இவள் குனிந்து, மூட்டையின் காதைப் பிடித்து நடுவுக்கு இழுத்து நிறுத்தி, எண்ணைப் பார்த்து, களம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூவ வேண்டும். "நாப்பது, முந்நூறு!" முதலில் கிலோ, அப்புறம் கிராம். வியாபாரி முறைத்தாலும் சரி, குடியானவர் கும்பிட்டாலும் சரி, தட்டில் இருப்பதுதான் வாயில் வரும்.

ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை. எட்டு வருஷம் பொறுத்த முதுகு ஒன்பதாவது வருஷம் வாயைத் திறந்தது. அப்புறம் மூடவேயில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கஷ்டப்பட்டு எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோகும். தைலம், ஒத்தடம், பெல்ட்டு, மூன்று ஊர் வைத்தியர்கள் எல்லாம் ஆகி, கடைசியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் பிதுங்கிய வட்டை வெட்டி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவளைக் கையில் எடுத்துக்கொண்டவள் ஜினிஷா. செஞ்சியில் பிசியோதெரபி பார்க்கிற பெண். சித்தாமூர்ப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை. குரல் பூ மாதிரி இருக்கும். சொல்கிற வேலை இரும்பு மாதிரி இருக்கும்.

"அக்கா, படுத்துக் கிடக்கிறது இல்ல ஓய்வு. நடங்க. குனியறதுன்னா முதுகுல குனியாதீங்க, இடுப்புல மடங்குங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. அரை மணி நேரத்துக்கு மேல சேர்ந்தாப்பல உக்காந்தீங்க, நான் உங்க கூட பேச மாட்டேன்."

முதல் வாரம் கட்டிலிலிருந்து வாசல். அடுத்த வாரம் தெருக்குழாய். மார்கழியில் பஸ் நிறுத்தம். தை பிறந்தபோது தன் ஊரான சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு ரோட்டோரமாக நடந்தே வந்தாள். ஒரு நாள் ஊர் மலைக்கோயில் படி நூற்றுச்சொச்சமும் ஏறி, மேலே பாறையில் கைவைத்து நின்று அழுதாள். வலியில் அழுதே பழகியவளுக்கு, இது வேறு அழுகை என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தை கடைசியில், 'வேலைக்குத் தகுதி. அரை மணிக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது' என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு சங்கத்துக்குப் போனாள். செயலாளர் சிவசங்கர் எழுந்து நின்று வரவேற்றார். பதினொரு வருஷத்தில் அவர் எழுந்து அவள் பார்த்ததில்லை.

"வாம்மா, வாம்மா. எதுல வந்த?"

"நடந்தே வந்துட்டேன் சார்."

செயலாளரின் முகம் வாடிவிட்டது. "நடந்துட்டியா? யாரும் பாக்கலியே?"

விஷயம் இதுதான். தலைமையகத்திலிருந்து 'மீண்டெழு' என்று ஒரு திட்டம் வந்திருந்தது. ஒவ்வொரு சங்கமும் அறுவை சிகிச்சை ஆன பணியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மீண்டெழச் செய்ய வேண்டும். மற்ற சங்கங்கள் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தன.

"வல்லத்துல ஒருத்தருக்குப் பல்லு புடுங்கி அனுப்பிப் பாத்தாங்க, மேலிடம் ஒத்துக்கல. அசல் ஆபரேஷன், அதுவும் முதுகுல, நம்மகிட்டதான் இருக்குது. தெய்வமாப் பாத்து நம்ம சங்கத்துக்கு உன் முதுக குடுத்துச்சும்மா."

"சார், நான் நல்லாயிட்டேன் சார். தராசுக்குப் போறேன்."

"போலாம், போலாம். இன்னா அவசரம்? மொதல்ல நாங்க உன்ன குணப்படுத்தணும் இல்ல?"

மறுநாளே நாற்காலி வந்தது. சக்கரம், நெம்புகோல், தலைக்குத் தனித் தலையணை எல்லாம் வைத்தது. ரிப்பன் கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, செயலாளர் திறந்துவைத்தார். நாற்காலியை எப்படித் திறப்பது என்று யாரும் கேட்கவில்லை. சுமலதாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்தபோது அவள் பின்னங்கழுத்தில் பிளாஸ்டிக் உறை ஒட்டியது. உறையை எடுக்கக் கூடாது. தணிக்கையாளர் வரும்போது புதுசாக இருக்க வேண்டும். தலைக்கு மேல் பலகை: 'நலமடைந்து வரும் பணியாளர். தொந்தரவு செய்யாதீர்.'

செயலாளர் பேசினார். "ஒரு தொழிலாளி விழுந்தா, தூக்கிவிடறது யாரு? சங்கம்! தூக்கிவிட்ட பிறகு எழுந்து போக விட்டுடுதா? இல்ல! கடைசிவரைக்கும் புடிச்சிக்கிட்டே இருக்குது!"

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் சுமலதாவும் உண்டு. அன்றைக்கு அவளுக்கு விளங்கவில்லை.

நாற்காலியில் அவளுக்கு வேலை என்று ஒன்றுமில்லை. மணிக்கொரு தரம் ஒரு பதிவேடு வரும். அதில் 'நலமடைந்து வருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அரை மணிக்கொரு தரம் எழுந்து நின்றாள். எழுத்தர் செல்லப்பன் எதிரிலேயே மேசை போட்டு, 'எழுந்த நேரம்', 'எழுந்ததன் நோக்கம்' என்று இன்னொரு பதிவேடு திறந்தார். திட்ட விதிப்படி நலமடைந்து வருபவர் தனியாக நடக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் கூட்டிப் பெருக்கும் குஞ்சம்மாள் துணைக்குப் போக வேண்டும்; செல்லப்பன் நேரம் குறிக்க வேண்டும்.

"நல்லா கீதுடி உங்க நாயம்," என்றாள் குஞ்சம்மாள். "இவ ஒண்ணுக்குப் போவ நான் ஒருத்தி கூட, எழுதறதுக்கு இவன் ஒருத்தன். பொண்ணழைப்புக்குக்கூட இவ்ளோ ஆளு வந்ததில்ல எனக்கு."

"குஞ்சம்மா, விதி," என்றார் செல்லப்பன்.

"உன் விதியில பெருக்குமாறப் போட."

நாற்காலியை ஜன்னலைப் பார்த்தே போட்டிருந்தார்கள், மனசுக்கு இதமாக இருக்கும் என்று. ஜன்னலுக்கு வெளியே களம். எடைமேடையில் எழிலன். வல்லத்துச் சங்கத்திலிருந்து தற்காலிகமாக அனுப்பப்பட்டவர், வீடு மண்டகப்பட்டில். ஐம்பத்துநாலு வயது, அதற்குத் தகுந்த தொப்பை. அவர் குனிந்தால் எண் தெரியாது. எண் தெரிந்தால் குனியவில்லை என்று அர்த்தம். குடியானவர்கள் கத்துவார்கள். சுமலதாவின் கைகள் நாற்காலியின் கைப்பிடியிலேயே மூட்டைகளை இழுத்து இழுத்து நிறுத்திக்கொண்டிருக்கும்.

மாசியில் வலது காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. பங்குனியில் பெருவிரல் மரத்தது. ஜினிஷா அவள் பாதத்தைத் தட்டிப் பார்த்தாள். அன்றைக்கு மிரட்டியபடியே கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அக்கா, வெட்டி எடுத்தது போயிடுச்சு. இது உக்காந்து உக்காந்து வர்றது. இப்படியே போனா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்களுக்குப் புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. அதைவிடப் பெரிய இடி ஒன்று செல்லப்பனிடம் இருந்தது. அவள் 'நல்லாயிட்டேன்' என்று எழுதிக்கொடுக்கப் படிவம் கேட்டபோதுதான் அவர் சொன்னார்.

"படிவத்துல மூணு கட்டம்தான் இருக்குது, பாரு. 'நலமடைந்து வருகிறார்.' 'மிகவும் நலமடைந்து வருகிறார்.' 'இறந்துவிட்டார்.'"

"நல்லாயிட்டாங்கன்னா இன்னாண்ணே பண்றது?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா. இந்த மூணுல ஒண்ணு சொல்லு, போட்டுடறேன்."

"மூணாவதப் போட்டா தராசுக்கு வுட்ருவீங்களா?"

செல்லப்பன் சிரிக்கவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்கும் முன்மாதிரி இல்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. தராசத் தொடாம நூத்தியெண்பது நாள் ஆயிடுச்சுன்னா எடையாளர் பதவி தானா போயிடும். ஆபரேஷன் அன்னிலருந்து கணக்கு. வைகாசி பொறந்தா முடிஞ்சுது. அப்புறம் இந்த நாற்காலிதான் உனக்கு, ரிட்டையர் ஆவற வரைக்கும்."

சுமலதாவுக்கு வயது நாற்பத்துநாலு. இன்னும் பதினாறு வருஷம்.

இதற்கு நடுவில் பார்வையாளர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற சங்கத்துச் செயலாளர்கள், பயிற்சி அதிகாரிகள், பழத்தட்டோடு மகளிர் குழுவினர். எல்லோரும் நாற்காலியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். "வலி இருக்குதாம்மா?" என்று ஒருவர் கேட்டால், "இருக்குது, ஆனா கொறஞ்சுகிட்டு வருது" என்று செயலாளர் பதில் சொல்வார். ஒருமுறை சுமலதா தானே வாயைத் திறந்து, "வலி இந்த நாற்காலியாலதான் சார்" என்றாள். பயிற்சி அதிகாரி நெகிழ்ந்துபோனார். "வலியையும் வெளிப்படையாகப் பகிர்கிறார்" என்று குறித்துக்கொண்டு போனார்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அவள் சிங்கவரம் கோயில் படி ஏறியதை யாரோ படம் எடுத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை குறிப்பாணை வந்தது. 'தாங்கள் சங்கத்தின் முன் அனுமதி இன்றி மலை ஏறி, நலமடைந்துவிட்டவர் போன்ற தோற்றத்தைப் பொதுவெளியில் ஏற்படுத்தி, திட்டத்துக்குக் களங்கம் விளைவித்தது ஏன் என்பதற்கு மூன்று நாள்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

'சாமி கும்பிடப் போனேன்' என்று விளக்கம் எழுதினாள். 'அடிவாரத்திலிருந்து கும்பிட்டிருக்கலாமே?' என்று துணை வினா வந்தது. 'பெருமாள் மேலே இருக்கிறார்' என்று எழுதினாள். அதற்குப் பெருமாள்மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லாததால் கோப்பு அப்படியே நின்றது.

ஆனால் அந்தக் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது சுமலதாவின் கண்ணில் ஒரு விதி பட்டது. எடைக்களத்தில் விரல் வைத்து வாசிக்கிற பழக்கம். பயனாளி விரும்பினால் தலைமையக இணை இயக்குநர் நேரில் வந்து பணித்திறன் பரிசோதனை செய்யலாம். எழுதிப் போட்டாள். நூற்று எழுபத்தெட்டாவது நாள், சித்திரை கடைசியில், இணை இயக்குநர் ராமகிருஷ்ணன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

அலுவலக அறையில் நாற்காலி போக மீதி இடம் போதாததால் பரிசோதனையைக் களத்தில் வைத்தார்கள். ஏலத்துக்கு வந்த வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள், குடியானவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"பத்து அடி நடக்கணும்," என்றார் இணை இயக்குநர். "வாய்விட்டு எண்ணிக்கிட்டே நடக்கணும். எண்ணலன்னா நடந்ததுக்கு ஆதாரம் இல்ல. செல்லப்பன், கேக்குறத அப்படியே எழுது."

சுமலதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். உயிர் முழுக்க உள்ளங்காலில் இருந்தது. நடந்தாள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." பத்து வரைக்கும் அம்பு மாதிரி நடந்து நின்றாள். களம் கைதட்டியது.

இணை இயக்குநர் செல்லப்பனின் தாளை வாங்கிப் பார்த்தார். "ஒன்று எங்க?"

"லாபந்தான் சார் அது," என்றாள் சுமலதா. எடைக்களத்தில் முதல் மூட்டைக்கு லாபம் என்றுதான் பேர். ஒன்று என்று தொடங்கினால் அன்றைய யாவாரம் ஒற்றையாகப் போய்விடும் என்பார்கள். பதினொரு வருஷத்தில் அவள் வாய் அங்கே ஒன்று என்று சொன்னதேயில்லை.

"லாபம் எப்படிம்மா ஒரு அடியாகும்? பதிவுல ஒம்பது அடிதான் இருக்குது. மறுபடி நட."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நின்றாள். எட்டி வைத்தாள். "ஒண்ணு..."

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே கீழே போட்டான். விலைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்த வியாபாரி மகாவீர நயினார் பேனாவை மூடினார். "அம்மா சுமலதா, நீயா? காலங்காத்தால களத்துல நின்னு ஒத்தை சொல்லிட்டியேம்மா. இனிமே எவன் இன்னிக்கு வெல எழுதுவான்?" வியாபாரிகள் ஒவ்வொருவராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்கள். குடியானவர்கள் கூச்சல் போட்டார்கள். சுமலதா ஒரு காலை முன்னே வைத்தபடி நடுக்களத்தில் நின்றாள்.

'பயனாளி நடக்க முற்பட்டதால் களத்தில் பணி நிறுத்தம் ஏற்பட்டது' என்று இணை இயக்குநர் எழுதினார். பெரிய மனசோடு இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார். தன் பேனாவைக் கீழே போட்டு, "குனிஞ்சு எடும்மா" என்றார். அவள் இடுப்பில் மடங்கி, ஜினிஷா சொல்லித்தந்தபடி பிசகில்லாமல் குனிந்தாள். எடுக்க முடியவில்லை.

"பாத்தீங்களா? கஷ்டப்படறாங்க."

"பேனா உங்க பூட்ஸுக்கு அடியில கீது சார்."

அவர் காலை எடுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உருக்கமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். "முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. எத்தனையோ திட்டம் போட்டோம். ஒருத்தர்கூட முன்னேறுனதா நான் பாத்ததில்ல. முதல் தடவையா இந்தப் பெண் விஷயத்துலதான் முன்னேற்றம்னு ஒண்ணைக் கண்ணால பாக்குறேன். மாசாமாசம் படிவத்துல பாக்குறேன். இதை முடிய விட்டுடுவேனா? என் உயிர் இருக்கிறவரைக்கும் இந்தப் பெண் நலமடைஞ்சுகிட்டே இருப்பாள்!"

நூற்று எண்பதாவது நாள் உத்தரவு வந்தது, சந்தன மாலையோடு. பதவி: 'நிரந்தரமாக நலமடைந்து வரும் பணியாளர்'. செயலாளர் மாலையைப் போட்டார். மாலை கனமில்லை. ஆனாலும் சுமலதா அதன் கீழே அழுந்தி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு 'எழுந்த நேரம்' பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. செல்லப்பனே நாலு மணிக்கு மேல் தயங்கித் தயங்கி, "சும்மா ஒருதரம் எழுந்துக்கயேன்" என்றார். அவளுக்கு எழுந்துகொள்ளத் தோன்றவில்லை. கண்ணுகளா, நோவு வந்த மூன்று வருஷத்திலும் அவளுக்கு அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

அப்புறம் மூன்றாம் நாள். நானூறு மூட்டை வந்து திறந்த களத்தில் கிடந்தது. ராஜகிரி மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கருத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் மல்லாட்டை கறுத்துப்போகும், அப்புறம் மாட்டுக்குத்தான். எழிலன் பதட்டத்தில் ஒரு மூட்டையின் காதைப் பிடித்துக் குனிந்தார். குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"இன்னொரு பயனாளி!" என்று செல்லப்பன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினார்.

தராசு நின்றுவிட்டது. எடை போடாமல் மூட்டையைக் கூரைக்கடியில் ஏற்ற விதி இல்லை. ஒரு குடியானவர் தன் வேட்டியை அவிழ்த்து மூட்டைமேல் போர்த்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த சுமலதா எழுந்தாள். வலது கால் மரத்திருந்தது. தரையில் இரண்டு தரம் உதைத்தாள்.

"எக்கா, நான் போறேன்."

"போ," என்றாள் குஞ்சம்மாள். "ஆனா பதினோரு சங்கத்துக்காரனுங்க உன்னப் பாக்க வந்து டீ குடிச்சிட்டிருக்கானுங்க. நாற்காலி காலியா இருந்தா உன்னத் தேடினு வருவானுங்க." தாழ்வாரத்தில் கிடந்த ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்து வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி நாற்காலியில் நிறுத்தினார்கள். குஞ்சம்மாள் அதற்குச் சுமலதாவின் சால்வையைப் போர்த்தி, ஒரு அடி பின்னால் நின்று பார்த்தாள். "உன்னவிட அடக்கமா கீதுடி."

சுமலதா எடைமேடையில் நின்றாள். காதைப் பிடித்தாள். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குரல் களத்தில் எழுந்ததும் சலசலப்பு அடங்கிப்போயிற்று. மூட்டை தூக்குகிறவர்கள் ஓடினார்கள். நானூறு மூட்டையும் உள்ளே போய், கடைசி மூட்டையின் எண்ணை அவள் கூவியபோது முதல் தூறல் அவள் உதட்டில் விழுந்தது. கால் பெருவிரலில் உணர்ச்சி திரும்பியிருந்தது. அதை ஆட்டிப் பார்த்து ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

உள்ளே பதினொரு செயலாளர்களும் வாசற்படியில் நின்று நாற்காலியின் முதுகுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகை தடுத்ததால் யாரும் உள்ளே வரவில்லை.

"எவ்வளவு அமைதி பாருங்க," என்றார் சிவசங்கர். "ஆரம்பத்துல எழுந்து எழுந்து நிக்கும். இப்ப அசையறதே இல்ல. இதுதான் முன்னேற்றம்."

"கொஞ்சம் பூசினாப்பல ஆயிட்டாங்களோ?"

"போஷாக்கு சார்."

மாலை போட அவர் மட்டும் முன்னால் போனார். சால்வையின் கீழே சாக்கு. கை அந்தரத்தில் ஒரு விநாடி நின்றது. பிறகு அதே கையால் மாலையைப் போட்டு, சால்வையைச் சரிசெய்து, திரும்பி, "தூங்கறாங்க" என்றார். எல்லோரும் ஓசைப்படாமல் கைதட்டினார்கள்.

சாயங்காலம் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே சுமலதா அவர் முன்னால் போய் நின்றாள். அவர் யோசனையாகச் சொன்னார்: "அந்த மூட்டை நல்ல மூட்டைம்மா. கோயிலுக்குப் போவாது. கேள்வி கேக்காது. இருக்கட்டும். நீ தராசப் பாத்துக்க. கையெழுத்து மட்டும் எழிலன் போடட்டும், அதுக்குக் குனிய வேணாம். ஏன்னா நீ இங்க இல்ல பாரு, அங்க உக்காந்திருக்க."

அப்படித்தான் நடந்தது. பகல் முழுக்க நிறுத்தாள், கூவினாள், நடந்தாள். மாலையில் எடைத்தாளை எடுத்துப் பார்ப்பாள். முந்நூறு வரி, முந்நூறும் எழிலன். மணிக்கொரு தரம் செல்லப்பன் மூட்டையின் சார்பில் 'நலமடைந்து வருகிறேன்' என்று எழுதினார். அதில்தான் அவள் பேர் இருந்தது.

வைகாசி முடிவில் மாதப் படிவம் வந்தது. அதில் 'பயனாளியின் எடை' என்ற கட்டத்தில் இதுவரை பழைய எண்ணையே போட்டுவந்தார்கள்: ஐம்பத்தெட்டு. இந்த முறை, அதிகாரபூர்வத் தராசில் நிறுத்து, கூவலைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும் என்று மேலிடம் கேட்டிருந்தது. மூட்டையை எடைமேடைக்குக் கொண்டுவந்தார்கள். செல்லப்பன் போனை நீட்டினார்.

"அம்பத்தெட்டுன்னு கூவிடும்மா, போதும்," என்றார் செயலாளர்.

சுமலதா மூட்டையின் காதைப் பிடித்து நிறுத்தினாள். எண்ணைப் பார்த்தாள்.

"தட்டுல அது இல்லியே சார்."

"உனக்குத்தானம்மா கேடு! ஒரே ஒரு தரம்!"

சுற்றிலும் குடியானவர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு எண்ணை மாற்றிக் கூவினால் நாளைக்குக் கூவுகிற முந்நூறையும் எவன் நம்புவான்?

"நாப்பது, எரநூறு!" என்று களம் அதிரக் கூவினாள்.

ஒரே மாதத்தில் கிட்டத்தட்டப் பதினெட்டுக் கிலோ இளைத்துவிட்ட பயனாளியைப் பற்றித் தலைமையகம் கலங்கிப்போயிற்று. இணை இயக்குநரே தொலைபேசியில் அழுதாராம். மூன்றே நாளில் உத்தரவு: 'பயனாளியின் உடல்நிலை மோசமடைந்து வருவதால், மறு உத்தரவு வரும்வரை அவர் தம் இல்லத்தில் படுக்கையில் பூரண ஓய்வில் இருக்க வேண்டும். படுத்திருக்கும் படம் தினமும் அனுப்பப்பட வேண்டும்.'

சுமலதா உத்தரவை விரல் வைத்து வாசித்தாள். "அப்ப நான் நாளைக்கு வரக் கூடாதா சார்?"

"நீ வராம தராச யாரு பாக்குறது? நீ வழக்கம்போல வந்துடு," என்றார் செயலாளர். "மூட்டைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி கட்டில்ல படுக்க வையி. நல்லா போத்தி வுடு. மொகம் தெரியாம படம் எடு."

மூட்டை தூக்குகிறவர்கள் அதைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். போன வாரம்தான் ஜினிஷா சைக்கிளுக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். சால்வை போர்த்திய மூட்டையோடு சுமலதா செஞ்சிக் கடைத்தெருவைத் தாண்டி, சிங்கவரம் ரோட்டில் மிதித்துக்கொண்டு போனாள். எதிரே வந்த பக்கத்து வீட்டு ஜெயசுதா தன் வண்டியை நிறுத்தினாள்.

"இன்னா சுமலதா, சால்வையெல்லாம் போத்தி இட்டுனு போற? மூட்டையில இன்னாது?"

"நான்தான். ஒடம்பு ரொம்ப முடியலியாம், வூட்டுல படுக்க வைக்கச் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு, எதிரே மேடு வரவும் பெடலில் எழுந்து நின்று மிதித்தாள்.